பத்தால் வகுக்கத் தெரியாத அலுவலகம்

ஜனவரி 9, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை எவரும் நம்பப்போவதில்லை. நம்பச் சொல்லி யார் காலிலும் விழும் உத்தேசமும் எனக்கில்லை. பின் எதற்கு எழுதுகிறாய் என்றால், தராசுக் கம்பெனி ஓசியில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது.

காலையில் கடைகடையாய்ப் போய்த் தராசுகளைச் சரிபார்த்தேன். தொண்ணூறு தராசு. மதியம் வீட்டில் பாடம். பள்ளியில் ஒரே மாணவி, அக்கா மகள், வயது பதினாறு. பட்டப்பெயர் ஜட்ஜ். சாட்சி இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"இன்னைக்குத் தொண்ணூறு தராசு பார்த்தேன்," என்றேன்.

"ஒன்பது," என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒன்பதுதான். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் பத்தால் வகுக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அக்கா போட்ட சட்டம், எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது.

நாலு வருஷத்துக்கு முன் தெருமுனைப் பள்ளிக்கூடத்தை "இணைத்தார்கள்". மூடினார்கள் என்று சொல்லக்கூடாதாம். இணைத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸை மறுமாதமே நிறுத்திவிட்டார்கள். அன்றுமுதல் நானே தலைமையாசிரியர், நானே வாத்தியார், மணி அடிப்பதும் நானே. அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில் பாதிக்குமேல் புத்தகமாகிவிடுகிறது.

மார்ச்சில் ஜட்ஜுக்குப் பொதுத்தேர்வு. பாஸ் பண்ணினால் அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேரலாம். அந்தப் பரிசோதனைக் கூடத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஜனவரி 17

ஹால்டிக்கெட் வரவில்லை. அடுத்த தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டதாம்.

ஜனவரி 22, திங்கள்

கல்வி அலுவலகம். வாசலில் புது வளைவு கட்டியிருக்கிறார்கள். யானை மேல் யானை நின்றாலும் தலை இடிக்காது. உள்ளே உட்கார நாற்காலி இல்லை.

பதிவுப் பிரிவில் ஓர் அம்மா. நல்ல மனுஷி, களைத்த முகம். கணினியில் தேடினார், மறுபடி தேடினார்.

"சார், வீட்டுக்கல்வி லிஸ்ட்ல உங்க பொண்ணு இல்ல. பள்ளிக்கூட லிஸ்ட்ல இருக்கு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"உங்க வீடு."

போன ஜூனில் நான் நிரப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்தேதான், தங்கத் தகட்டில் பொறித்தமாதிரி. ஆய்வகம்: உண்டு (சமையலறை). மைதானம்: உண்டு (மொட்டை மாடி, காற்று இலவசம்). நூலகம்: நாலாயிரம் புத்தகங்கள். மாணவர் எண்ணிக்கை: ஒன்று, ஆனால் 10 பேருக்குச் சமம்.

எழுதும்போது தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதுவும் நினைவிருக்கிறது.

"அஞ்சு பேருக்கு மேல போனா அது வீடு இல்ல சார், பள்ளிக்கூடம். அனுமதி வாங்காத பள்ளிக்கூடம். அங்க படிக்கிறவங்க பரீட்சை எழுத முடியாது."

"அம்மா, ஒண்ணுன்னுதானே முதல்ல போட்டிருக்கேன்?"

"எழுத்துல போட்டிருக்கீங்க. பத்தை எண்ணுல போட்டிருக்கீங்க. கட்டத்துல எண்ணுதான் ஏறும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எண்ணிக்கை கூடினாத்தான் எங்களுக்கும் ஒதுக்கீடு வரும். யாரும் குறைச்சு ஏத்த மாட்டாங்க."

இத்தனை வருஷம் வீட்டில் எல்லோரும் வகுத்து வகுத்து, வெளியே யாருக்கும் வகுக்கத் தெரியாது என்பதே எனக்கு மறந்துபோச்சு. முட்டாள். முட்டாள்டா நீ.

ஜனவரி 23

வீட்டில் சொன்னேன்.

அக்கா, "ஏண்டா, அரசாங்கப் பேப்பர்லயுமா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஜட்ஜ் படிவத்தின் நகலைச் சாட்சியாக வாங்கிப் பார்த்தாள். "நாலாயிரம் புத்தகம்னா நானூறு. அது சரி. இது மட்டும் தப்பு மாமா. ஒண்ணைப் பத்தால வகுத்தா நான் முழுசாக்கூட இல்லையே."

சிரிக்கத்தான் சொன்னாள். சிரித்தோம்.

பிப்ரவரி 2, வெள்ளி

மனு எழுதினேன். நான்கே வரி. ஒரு உவமை இல்லை, ஒரு அடைமொழி இல்லை. ஜட்ஜ் படித்துவிட்டு, "இது நீங்க எழுதினதுன்னு யார் நம்புவா?" என்றாள்.

மாவட்ட அதிகாரி அறைவரைக்கும் போனேன். ஆள் தங்கமானவர்தான். தண்ணீர் கொடுத்தார், மனுவை முழுக்கப் படித்தார்.

"தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். பட்டியல் திருத்தம் ஜூன்ல திறக்கும்."

"பரீட்சை மார்ச்லங்க."

"அது தேர்வுத் துறை."

தேர்வுத் துறை அதே கட்டிடத்தில் மூன்றாம் மாடி. அங்கே, பட்டியலில் இருப்பதை மாற்ற அதிகாரம் கீழேதான் என்றார்கள். இறங்கினேன், ஏறினேன். எழுநூறு தடவை. சரி, எழுபது. சரி, ஏழு.

பிப்ரவரி 5

மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு இலக்கம். அழகான எண்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் எனக்கே நான் சிலை வைத்துக்கொள்வேன்.

வாசலில் லாரி. இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். ஒரு ராஜாவைப் படுக்கவைத்துப் புதைக்கலாம். உள்ளே எழுபத்தைந்து அங்குலத் தொடுதிரைப் பலகை. "திரையில்லாப் பள்ளி இல்லை" என்று ஒரு திட்டம். நிதியாண்டுக் கடைசிக்குள் ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டுமாம். லிஸ்டில் திரையில்லாத பள்ளிக்கூடமாக எங்கள் வீடு இருந்திருக்கிறது.

பொருத்த வந்தவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "பத்துப் புள்ளைங்க எங்க சார்?"

"ஒண்ணுதான். அதோ, உளுந்து ஊறப்போடுது."

"அப்ப மறைக்க ஆளில்ல. நல்லாத் தெரியும்," என்றார்.

அந்த எடையைத் தாங்குகிற சுவர் ஒன்றுதான். அதில்தான் ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் போச்சு. திரை ஓட வேண்டுமென்றால் தனி இணைப்பு வேண்டும். இணைப்பு அடுத்த வருஷத் திட்டத்தில். பொருத்தியதற்கு அத்தாட்சியாக, ஓடாத திரைமுன் ஜட்ஜை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தை எதுக்கு மூடினாங்க? ரெண்டு வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கக் காசில்லைன்னாங்க. மூடின பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம் பெயின்ட் அடிச்சாங்களே, அந்தக் காசு எங்கேருந்து வந்தது? வளைவு கட்ட? இந்தக் கண்ணாடிக் கதவை என் கூடத்துல மாட்ட? நான் கேட்டேனா? வாங்குறதுக்குக் காசு இருக்கு. ஆளுக்குத்தான் இல்ல. பெட்டி வாங்கினா கணக்குல தெரியும், போட்டோ எடுக்கலாம். வாத்தியார் நின்னு பாடம் நடத்துறதை எங்க போட்டோ எடுக்க...

அக்கா வேலைவிட்டு வந்து பார்த்தாள். "துணி காயப்போடலாமா இதுல?" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

திரை ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அப்படியொரு துணிச்சல். அனுமதியில்லாத பள்ளிக்கூடம் என்றால் திரையை எப்படி அனுப்பினீர்கள்? அனுப்பினீர்கள் என்றால் அனுமதித்த பள்ளிக்கூடம்தானே? உலக நீதிமன்றமே எழுந்து நிற்கும் வாதம்.

பதிவுப் பிரிவு அம்மா கேட்டுவிட்டு, "திரை திட்டப் பிரிவு சார். அனுமதி வேற பிரிவு," என்றார்.

"திரையைத் திருப்பிக் குடுத்துடறேன் அம்மா. நானே சுமந்துட்டு வந்து குடுக்கறேன். பதிலுக்கு பரீட்சை ஹால்ல ஒரு நாற்காலி குடுங்க. மூணு மணி நேரம் போதும். உக்காந்துட்டு எழுந்து வந்துடுவா."

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"ஜூன் வரைக்கும் காத்திருக்காதீங்க சார். அடுத்த வருஷத்துலேருந்து வீட்டுக்கல்விப் பிரிவையே எடுத்துடறாங்க. யாருக்கும் கிடையாது. சுற்றறிக்கை வந்தாச்சு."

வீட்டில் சொன்னேன். இரண்டு பேரும் பத்தால் வகுத்துப் பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

மார்ச் 11, திங்கள்

இன்று கணக்குப் பரீட்சை. காலையில் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஜட்ஜ் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போய், திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

நேற்றைய வினாத்தாள் ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் மணி அடித்தேன். இடையில் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. ஒரு மணிக்குப் பேனாவை மூடினாள்.

"யார் திருத்துவா?"

நான் திருத்தினேன். இருபத்தாறு வருஷமாகத் தராசு பார்க்கிறேன். வாயால் மலையைத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைப்பேன், தட்டில் மட்டும் விரல் பட விட்டதில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தாள். அந்தக் கணக்கு முழுக்கப் போச்சு. கடைசிப் படத்துக்கு அளவு குறிக்கவில்லை. அதற்கும் வெட்டினேன். கூட்டினேன், மறுபடி கூட்டினேன்.

நூற்றுக்கு எழுபத்தொன்று.

"ரெண்டு கூட்டிப் போட்டிருக்கலாம்ல மாமா. யார் கேக்கப் போறா?"

"மாட்டேன்."

தாளைக் கையில் வாங்கினாள். "பத்தால வகுக்கணுமா?"

"வேண்டாம்."

தாளை மடித்து நானூறு புத்தகங்களில் எதிலோ வைத்தாள். அக்கா இன்று விடுப்பு. தன்னுடைய பழைய சலவைக்கூட உடுப்பை இடுப்புப் பக்கம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். "வாடி, ஒரு தடவை போட்டுப் பாரு," என்றாள். ஜட்ஜ் எழுந்து போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

முதல் பக்கத்தில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன். இதை யாரும் நம்ப வேண்டாம். யானை, ராஜா, உலக நீதிமன்றம் எல்லாவற்றையும் வகுத்து, மிச்சத்தையும் தள்ளிவிடலாம். இத்தனை பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

எழுபத்தொன்று.