டீச்சரம்மா வீட்டுக் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? "சம்பளமில்லாம ஊராருக்கு எதுக்கும்மா சோறு சுமக்குற?" என்று கேட்டீர்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்குத்தான் நானும் டிரைவர் அண்ணனும் வண்டியில் கொண்டுபோகிறோம். போன ஞாயிறு, அவர்களில் ஒருவரான டீச்சரம்மா கதவைத் திறக்கவில்லை. கதவை உடைத்து உள்ளே போனோம். முந்தின நாளே குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். பயப்படாதீர்கள், பிழைத்துக்கொண்டார். "நீ வருவேன்னுதான் கண்ணை மூடாம கெடந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து நான் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. தையல் கம்பெனிக்கு நான் போகாவிட்டால் என் மெஷினில் வேறொருத்தியை உட்காரவைப்பார்கள். சாப்பாட்டு வண்டிக்குப் போகாவிட்டால், டிரைவர் அண்ணன் வந்து என் அறைக் கதவைத் தட்டுவார். அதற்காகத்தான் போகிறேன், அப்பா.

கீழே அண்ணன் ஹாரன் அடிக்கிறார். நான் போன் எடுக்காவிட்டால், வேலையாக இருப்பாள் என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி அடியுங்கள்.

உங்கள் மகள்