சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் அனுப்பினேன்

அன்பு மாமா,

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் டிரெய்லர் பட்டறையை நான் மூடவில்லை.

கார்த்திகையில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். "பொம்பள தனியா பட்டற நடத்த முடியுமா? எடத்த வித்துட்டு சேந்தமங்கலத்துக்கு நம்மூட்டுக்கே வந்துரு சாமி" என்று அம்மா அழுதாள். வெல்டர் ராமசாமி அண்ணன் மட்டும் தினமும் வந்து கதவைத் திறந்துவைத்தார். வண்டிகள்தான் வரவில்லை. சாலையில் போகிற டிரெய்லர்கள் நம் வாசலில் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. எத்தனை நாளைக்கு அப்படியே உட்கார்ந்திருப்பது, சொல்லுங்கள்?

மாசியில் ஒரு டிரெய்லர் உள்ளே திரும்பியது. ஓட்டிவந்தவர் முருகேசன். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கியில் விரிசல். அதற்கு வெல்டிங் வைத்தால் போதும், பெங்களூர் போகவேண்டும் என்றார். ஆனால் அவர் பிரேக் பிடித்து நிறுத்தியபோதே இரும்பை இரும்பு உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்குக்கு லைனிங் அடித்தவளுக்கு அது தெரியாதா?

பின்னாலேயே ஜீப்பில் வண்டி முதலாளி வந்து இறங்கினார்.

"சக்கரத்தக் கழட்டி பிரேக்கப் பாத்தர்லாமுங்க" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா. பெங்களூர்லேர்ந்து டிரங்க் கால் மேல டிரங்க் கால் வருது. வெல்டிங் மட்டும் வெச்சு உடு."

"போறப்ப ஏத்தமுங்க, சமாளிச்சுக்கலாம். வாரப்ப லோடோட தொப்பூர் மலையெறக்கத்துல எறங்கோணுமுங்களே?"

"உன்னால முடியாதுன்னா சொல்லு. வேற பட்டறையா இல்ல?"

நீங்கள் போனபிறகு வந்த முதல் வண்டி, மாமா. அதையும் நானே விரட்டிவிடுகிறேனா? ஆனாலும் வாய் மாற்றிச் சொல்லவில்லை. "கழட்டாம நான் உடமாட்டனுங்க" என்றேன்.

அப்போது முருகேசன் சாவியை முதலாளியிடம் நீட்டினார். "அந்தம்மா பாக்கட்டுமுங்க. இல்லீன்னா நான் வண்டி எடுக்கலீங்க. எனக்கும் ஊட்ல ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க."

முதலாளி சாவியை வாங்கவில்லை. ராமசாமி அண்ணன் ஜாக்கி வைத்தார். பிரேக் டிரம்மைக் கழற்றினால் லைனிங் பட்டை முழுக்கத் தேய்ந்து ஒன்றுமே இல்லை. டிரம்மிலும் கீறல் ஓடியிருந்தது. முதலாளி குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எல்லாச் சக்கரத்தையும் கழட்டுங்க" என்றார். வேலை முடித்து வண்டி கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

அடுத்த வாரம் அதே டிரெய்லர் வாசலில் வந்து நின்றது. முருகேசன் கீழேகூட இறங்கவில்லை. "தொப்பூர்ல முன்னால போன லாரி திடீர்னு நின்னுருச்சுங்கக்கா. பிரேக்க மிதிச்ச எடத்துல நம்ம வண்டியும் நின்னுச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார். அவர் போனபிறகு நான் உள்ளே போய் அழுதேன். நீங்கள் இல்லாமல் போனபிறகு வந்த அழுகைகளில் அது ஒன்றுதான் வேறு மாதிரி.

முருகேசன் போகிற இடமெல்லாம் சொல்ல, இப்போது வண்டிகள் வருகின்றன, மாமா. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்கள்கூடக் கேட்டு வருகிறார்கள். அம்மாவும் இங்கேயே வந்துவிட்டாள்; டிரைவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பெயர்ப்பலகை எழுத ஆள் வருகிறார். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதப்போகிறேன். அந்த இரண்டு பெயருக்கும் மரியாதை குறையாமல் பட்டறையை நடத்துவேன். இது சத்தியம்.

உங்கள் அத்தை மகள்,
சரசு