இடது முன்சக்கரத்துச் சத்தம்

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, உன் அண்ணன், நான் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, புத்திக்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது. கடைசியாகப் போனில் நீ அழுதுகொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. அப்பா என்கிட்ட ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கிறார், அம்மாகிட்ட குடுக்கிறேன்னு போனைத் தள்ளி விட்டுடறார், இவ்வளவு தூரத்துல வந்து குடியிருக்கிறதுக்கு இன்னும் கோபம்னா நான் இனிமே கூப்பிடவே மாட்டேன் என்றாய். சொன்னபடி ஐந்து வாரமாகக் கூப்பிடவும் இல்லை. ரோஷத்தில் அப்படியே அவர் பெண். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நம் கார் கதையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, சலித்துக்கொள்ளாமல் படி.

இரண்டு மாதத்துக்கு முன் காரில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. மெல்லிசாகக் கீச் கீச் என்று, சக்கரம் சுற்றச் சுற்ற. வண்டி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும், வண்டி நின்றால் நின்றுவிடும். முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் காலடியிலிருந்துதான் வந்தது. உங்களுக்குக் கேட்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. கேக்காம என்ன, டயர் சத்தம் என்றார். டெப்போவில் முப்பது வருஷம் இருந்தவர் அல்லவா! எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார், டயரைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாக. முதலில் டயர் இடுக்கில் கல் மாட்டியிருக்கிறது என்று வாசலில் சாக்கை விரித்துப் படுத்து, என் கொண்டை ஊசியால் நாலு சக்கரத்தையும் நோண்டினார். ஒரு கிண்ணம் கல் வந்தது, ஊசி வளைந்தது, சத்தம் போகவில்லை. பிறகு டயர்க் கடைக்காரரிடம் போனார், அவர் இன்னொரு மேதாவி. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் மோவாயைத் தடவிக்கொண்டு சக்கரம் நேரா நிக்கலை, அலைன்மெண்ட் போயிருக்கும் சார் என்றார். அதையும் செய்தார்கள். அடுத்து முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினார்கள். டயரில்தான் கோளாறு என்றால் சத்தமும் டயரோடு பின்னால் போயிருக்க வேண்டாமா? அது என் காலடியை விட்டு நகரவில்லை. இதைச் சொன்னதற்கு உனக்கு டயரைப் பத்தி என்ன தெரியும் என்று ஒரு முறைப்பு. உன் அண்ணன் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டான். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம்மா கேக்குது என்று சொல்லி, வண்டியில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அத்தனை படிப்பும் அந்த வைத்தியத்துக்குத்தான் உதவியது.

கடைசியில் நானே கவனித்தேன். பிரேக்கை லேசாக மிதித்தால் சத்தம் நின்றது, காலை எடுத்தால் திரும்ப வந்தது. வழியில் இருந்த மூன்று சிக்னலிலும் அப்படித்தான். அப்பா உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்த அன்று அண்ணனை விரட்டி வண்டியைப் பட்டறைக்கு ஓட்டச் சொன்னேன், நானும் கூடவே போனேன், தனியாக அனுப்பினால் புது ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு வருவான். பட்டறைக்காரர் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டார், இரண்டு மாதத்தில் அதைச் செய்த முதல் ஆண்பிள்ளை அவர்தான். இடது முன்சக்கரத்தைக் கழற்றினார், சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்து ஒன்றுமில்லாமல் இருந்தது. இது தேஞ்சா சத்தம் போடறதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருக்காங்கம்மா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அவசரத்துக்குப் பிரேக் பிடிச்சிருக்காது என்றார். தகடு வைத்த மகராசனுக்கு உன் அப்பாவைத் தெரியாது. இரண்டு பக்கமும் புதிதாக மாட்டி, வண்டி பூனை மாதிரி வீடு வந்தது. அப்பாவிடம் மூச்சு விடாதே என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன். அவரே ஓட்டிப் பார்த்து அசடு வழியட்டும் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போனோம். வண்டியில் ஒரு முனகல் இல்லை. சத்தம் எப்படி இருக்குங்க என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டேன். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கவனித்தார். இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு, டயரைப் புதுசா போடாம இது போகாது என்றார். இரண்டு மாதமாக அவருக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை, சின்னவளே. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஆமாம் என்றார், அந்த ஒரு ஆமாமைக் காப்பாற்றுவதற்காகக் கல் நோண்டி, டயரை மாற்றி, தேய்ந்த பிரேக்கோடு என்னையும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார். திட்டத்தான் நினைத்தேன், அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கீச்சென்ற மெல்லிய குரலில் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கட்டைக் குரலில் கூப்பிட்டேன், எதுக்குக் கத்தறே என்றார். மெல்லிசுச் சத்தம்தான் அவருக்குப் போயிருக்கிறது. உன் குரல் எப்படி என்று உனக்கே தெரியும், போனில் அது இன்னும் மெலிந்து வரும். அவருக்கு உன்மேல் கோபம் கிடையாது. நீ பேசுவது புரியவில்லை, அதை ஒப்புக்கொள்ளத் திராணி இல்லை, போனை என் கையில் திணித்துவிடுகிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்காத என்னையும் அந்த மேதாவிகள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். எனக்குத்தான் காதில் இரைச்சல் என்று புளுகியிருக்கிறேன். அப்பவே நெனச்சேன், கோளாறு வண்டியில இல்லை, உன் காதுலதான் என்று குஷியாகத் துணைக்கு வருகிறார். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்துவிட்டேன், இரண்டு பேரையும் பார்ப்பார். அது முடியும்வரை நீ போனில் அவரைச் சோதிக்காதே, அவர் பெயருக்கே ஒரு கடிதம் எழுது. நலம் விசாரித்தால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். உன் கார்ச் சக்கரத்தில் சத்தம் வருகிறது, என்ன செய்யட்டும் அப்பா என்று கேள், சத்தம் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. நாலு பக்கத்துக்குக் குறையாமல் பதில் வரும், ஒரு வரி சரியாக இருக்காது. எதையும் செய்து தொலைக்காதே, ஆனால் முழுக்கப் படி. படித்துவிட்டு, நீங்கள் சொன்னபடி செய்தேன், சத்தம் நின்றுவிட்டது அப்பா என்று எழுது.

மூவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக இருங்கள். தபால்பெட்டிக்கு நாளைக்கே போ, ரோஷம் எங்கேயும் ஓடிவிடாது.

உன்னைத் திட்டவும் பாத்தியதை உள்ள,
அம்மா