ஜப்பான் – 3

1995 ஜூன் 12

கடையில் இன்று பதினோரு கேசட் பதிந்தேன். பத்து சினிமாப் பாட்டு, ஒன்று மாரியம்மன் பாட்டு. எல்லாரும் ஒரே லிஸ்ட்டைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். காந்திபுரம் முழுக்க ஒரே காது.

சாயந்தரம் ஒரு ஜப்பான்காரர் வந்தார். சாத்தோ. ஏதோ மில்லில் நூல் சுற்றும் மெஷின் மாட்ட வந்தவர். வாக்மேனில் டேப் சிக்கியிருந்தது. பென்சிலால் சுற்றி எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தோம். மொழி ஜப்பான், தாளம் வேறு. அடி விழ வேண்டிய இடத்தில் கிடார் சும்மா இருக்கிறது. விட்ட இடத்தில் வந்து வெட்டுகிறது. ஓனர் பாலகோபால் அண்ணன், "மெஷின் ஸ்லோவா ஓடுது பாரு, பெல்ட்ட மாத்து" என்றார்.

"ரெகே" என்றார் சாத்தோ. ஜமைக்காவில் கரும்புக்காட்டு அடிமைகளின் பேரன்கள் பாடியதாம். எங்கள் மதுக்கரை லைன் வீடுகளில் பாதிப் பேர் போட்டிருக்கும் திருப்பூர் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியனில் இருக்கும் சடைமுடிக்காரர் சாமியார் இல்லையாம். பாட்டுக்காரராம்.

ஜூன் 18

ஞாயிறு. பக்கத்து வீட்டு அங்கப்பன் பெரியப்பாவைப் பார்க்க வக்கீல் சாஜிதா பேகம் மதுக்கரைக்கே வந்திருந்தார். பெரியப்பா பதினாலு வருஷம் கிரஷரில் கல் அரைத்தார். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. ஆஸ்பத்திரிச் சீட்டில் டி.பி. என்று எழுதியிருக்கிறது. கிரஷர் முதலாளி, அந்தப் பேரில் ஆளே கிடையாது என்கிறார். ரிஜிஸ்டரில் ஒருத்தர் பேரும் இல்லை. கூட வேலை பார்க்கும் மாசாணம் அண்ணனிடம் சாட்சி கேட்டதற்கு, "என்னை உட்ருங்க மேடம், ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

பெரியப்பாவால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது. "ரூபன், கேசட் கடையிலதான இருக்கீங்க? கொஞ்சம் கொஞ்சமா டேப்புல பேச வைங்க. அதைக் கேட்டு நான் நஷ்டஈட்டுக்கு மனு எழுதறேன், அவர் கைநாட்டு வைக்கட்டும்" என்றார் வக்கீல்.

ஜூன் 27

சாத்தோ வாரம் இரண்டு கேசட் பதியக் கொடுக்கிறார். கவரில் இருக்கும் எழுத்து புரிவதில்லை. நம்பர் போட்டுக்கொள்கிறேன். ஜப்பான் 1 – ஒசாகாவில் மீன் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறவள் பாடுகிறாளாம். ஜப்பான் 2 – பேக்கரிக்காரன். லண்டன் 1. ஆப்பிரிக்கா 1.

கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. எங்கோ ஒரு தீவில் கூலிக்காரன் வயிறெரிந்து பாடியதை ஒரு மீன்காரி எடுத்துத் தன் பாஷையில் பாடுகிறாள். இங்கே கூலிக்காரனுக்கு ரிஜிஸ்டரில் பேர்கூட இல்லை.

ஜூலை 2

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய், இன்றுதான் கடையின் டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். பெரியப்பா பத்து நிமிஷம் பேசினார். மேஸ்திரிகளின் பேர், லாரி நம்பர், கூட வேலை செய்து செத்தவர்களின் பேர். நடுநடுவே இருமல். களைத்துப்போனதும் ஜப்பான் 1 போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏஞ் சாமி, இவளுக்கும் என்னாட்டம் மூச்சு வாங்குதா?"

"இல்லீங் பெரியப்பா, தாளமே அப்படித்தானுங்க."

"உட்டு உட்டுத்தான் பாடறா. ஆனா நிறுத்த மாட்டீங்கறா."

ஜூலை 9

அறுபது நிமிஷ கேசட் இரண்டு பக்கமும் முடிந்தது. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் நானே உடைத்தேன். வக்கீல் இருபத்தி மூணாம் தேதி வருகிறார்.

ஜூலை 14

நாளை சாத்தோ ஊருக்குப் போகிறார். கடை மூடும் நேரத்தில் ஓடி வந்து ஜப்பான் 3-ஐக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிளாங்க் கேசட் தீர்ந்துபோயிருந்தது. என் பையில் ஒரு பழைய சினிமா கேசட் கிடந்தது, அதுவும் காது உடைந்தது. மறுபடி பதிவதற்காக ஓட்டையில் செலோ டேப் ஒட்டி, ஹைஸ்பீடில் போட்டேன். ஹைஸ்பீடில் கீச்சுக் கீச்சென்றுதான் கேட்கும், சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

சாத்தோ கை கொடுத்தார். அட்ரஸ் எழுதித் தந்தார்.

ஜூலை 15

எல்லாவற்றிலும் ஜப்பான் 3-தான் உசத்தி.

ஜூலை 21

விடியற்காலை அங்கப்பன் பெரியப்பா போய்விட்டார். வயது நாற்பத்தாறு. கிரஷரிலிருந்து யாரும் வரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 23

வக்கீல் வந்தார். பெரியப்பா மகள் அன்புக்கரசி அக்கா, "அப்பன் கொரலை நானும் கேக்கோணும்" என்று மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 'அங்கப்பன்' என்று சீட்டு வைத்த டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். சினிமாப் பாட்டு.

ஒரே கம்பெனி கேசட். இரண்டுக்கும் காது உடைந்தது. கடையில் எல்லாக் கேசட்டுக்கும் செய்வதுபோல டப்பாவுக்குள் சீட்டு வைத்தேனே தவிர, கேசட்டின் மேல் ஓர் எழுத்து எழுதவில்லை. பெரியப்பா பேச்சு சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கடையில் போட்டுப் பார்த்தபோது அந்தச் சினிமா கேசட்டோடு டப்பா மாறியிருக்கிறது. அன்று செலோ டேப் ஒட்டினேனே, ஒரு நொடி போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? எதுக்குடா உனக்கு அவ்வளவு அவசரம்?

ஜப்பான் 3-ஐ நான் பதிந்தது பெரியப்பா பேச்சின் மேல்தான். சாத்தோவுடையது நாற்பத்தாறு நிமிஷ கேசட். அதனால் பக்கத்துக்கு ஏழு நிமிஷம் தப்பியிருக்கிறது. முதல் பக்கத்தில் இருமல், ஒரு லாரி நம்பர். இரண்டாவதில், "போதுங் கண்ணு, அந்த மூச்சு வாங்கற பாட்டப் போடு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது அழவில்லை.

"எங்கப்பனை அழிச்சுப்போட்டு ஜப்பான்காரனைப் புடிச்சு வெச்சிருக்கியா, ரூபா?"

ஜூலை 24

ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். பெரியப்பா பதினாலு பேர் சொன்னார். எனக்கு வருவது ஐந்து. அவர் பேசும்போது நான் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டா இருந்தேன்? எப்போது முடியும், எப்போது பாட்டுப் போடலாம் என்று தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 6

பெரியப்பா குரல் மிஞ்சிய அந்தக் கேசட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியது.

செப்டம்பர் 30

அக்கா பேரில் போட்ட நஷ்டஈட்டு மனு தள்ளுபடி. வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. முதலாளி தரப்பு வக்கீல் மிஞ்சிய பதினாலு நிமிஷ டேப்பைக் கேட்டுவிட்டு, "இருமறதுக்கெல்லாம் நஷ்டஈடு கேட்டா எப்படீங்க?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பேர் தெரியாததால் எழுதவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

நவம்பர் 19

அன்புக்கரசி அக்கா கிரஷரில் ஜல்லி அள்ளப் போகிறது. எதிரில் வந்தபோது, "ஏனுங்க்கா, அங்கியே போகோணுமா?" என்றேன்.

"வேற எங்க கூப்புடறாங்க, நீயே சொல்லு" என்றது. முக்காட்டுத் துணியை மூக்கின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தது.

1996 பிப்ரவரி 4

ஞாயிறு. மத்தியானம் மாசாணம் அண்ணன் வந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார். போன வாரம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். "அங்கப்பன் பேசுன மாதர நானும் பேசோணும். மெஷினைப் போடு கண்ணு."

கையில் பிளாங்க் இல்லை. நாளைக்கு வாங்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியப்பாவிடம் நாளைக்கு, நாளைக்கு என்று சொன்ன வாய். ஜப்பான் 1-ஐ எடுத்தேன். முதலில் இரண்டு பக்கமும் ஓடவிட்டுக் கேட்டேன். மீன்காரிதான், வேறு யாரும் இல்லை. கேசட்டின் மேலேயே பேனாவால் மாசாணம் என்று எழுதி, தேதி போட்டேன். பிறகு காது உடைத்த ஓட்டையில் டேப் ஒட்டினேன். மடியில் நோட்டும் வைத்துக்கொண்டேன்.

"இதுல முன்னால என்ன கண்ணு இருந்துச்சு?"

"பாட்டுங்ணா."

"நல்ல பாட்டா?"

"நல்ல பாட்டுதானுங்க. நீங்க பேசுங்க."