விட்டுவிட்ட மூன்றாவது கரு

12.6.2006, திங்கள். கொழும்பு

வெயில். வட்டவளையிலிருந்து சுமந்து வந்த குடை வீண். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. வெளியில் வைத்து வளர்த்த எங்கள் கருக்கள் மூன்று, மூன்று நாள் வயது. திரையில் காட்டினார்கள். டாக்டரம்மா யாழ்ப்பாணம்.

"கருவைக் குத்தித் துணுக்கு எடுத்துப் பார்க்கிறேல்லை, பழுதாகிப் போகும். கண்ணாலதான் பார்க்கிறது. ரெண்டு வடிவா வளர்ந்திருக்கு. மூண்டாவது பிந்தி நிக்குது. அதையும் கருப்பையில வைக்கிறதோ விடுறதோ, நீங்கள்தான் சொல்லவேணும்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், "ரெண்டு போதுங்க."

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் குழந்தைகளை ஒன்பது வருஷமாக மாதாமாதம் நிறுத்து, எடை குறைந்த பிள்ளையின் அட்டையைத் தனியே எடுத்து வைக்கிற கை. அந்தப் புத்தியில் வாய் முந்திவிட்டது.

13.6, செவ்வாய்

ரயில். கூட்டம். உட்கார இடம் கிடைத்தது. மருந்து காலை 1, இரவு 1. பாரம் தூக்கக்கூடாது.

இவர் தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் அல்லவா, நாவலப்பிட்டி தாண்டியதும் திடீரென்று சொல்கிறார்:

"தூள பார்த்து நல்ல தேயிலைன்னு நாங்க சொல்ல மாட்டோம். ஊத்தி, வாயில வச்சாத்தான் தெரியும். அழகா சுருண்டது சப்புன்னு இருக்கும்."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

19.6, திங்கள்

மூடுபனி. மடுவத்தில் இன்று பதினாறு குழந்தைகள். பால்மா முடிகிறது, சொல்லவேண்டும்.

தூங்க வைத்துவிட்டு எண்ணினேன். பதினாறு. இன்னொன்று எங்கே என்று தொட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். மடுவத்தில் உதவிக்கு இருக்கும் பாக்கியம் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னா மிஸ் தேடுறீங்க?"

சீப்பு என்றேன். மறுபடி எண்ணினேன். மறுபடி குனிந்தேன்.

22.6, வியாழன்

அதை என்ன செய்திருப்பார்கள்? கேட்கவில்லை. கேட்கப் பயம். பிந்தியாவது வளர்ந்துகொண்டுதானே இருந்தது. யாரும் தொடவில்லை, குத்தவில்லை. என் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இறம்பொடைக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளப் போனேன். இரண்டுக்கா, மூன்றுக்கா என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

26.6, திங்கள்

கரு தங்கியதா என்று பார்க்கக் காலை ஹட்டனில் இரத்தம் கொடுத்தது. மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து டாக்டரம்மா போன் எடுத்தார்.

"ரெண்டும் தங்கேல்லையம்மா."

மழை பிடித்தது. துணி எடுத்தேன். மடித்தேன்.

இவர் தொழிற்சாலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஒண்ணும் தப்பா சொல்லல புள்ள."

"அன்னைக்கி ஒங்ககிட்ட கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

மடித்த துணி ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார்.

"மூணையும் வைங்கன்னு."