மூன்று பாயிண்ட் இடைவெளி

உன் சித்தப்பா திங்கட்கிழமை நம் பிரின்டிங் கடைக்கு வந்தார். தலைக்கு மை அடிக்க ஆரம்பித்திருக்கிறார். காதோரம் கறுப்பாக வழிந்திருந்தது. நீ இருந்திருந்தால் உள்ளே ஓடிப்போய் பிரின்டருக்குப் பின்னால் நின்று சிரித்திருப்பாய், நான் முன்னால் நின்று அவரிடம் மரியாதையாகப் பேசியிருப்பேன். இப்போது இரண்டு வேலையும் என் தலையில். மறுபடியும் குடும்ப நாள் வைக்கிறார்களாம், பாலோ ஊரில் அதே மண்டபம். தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை கோடு போட்டு இணைத்து நாம் அடித்துக் கொடுத்தோமே ஒரு குடும்ப மரம், அதையே கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் போதுமாம். புதிதாகப் பிறந்த மூன்று பேரைச் சேர்க்க வேண்டும். ஒருவரை எடுக்க வேண்டும். அந்த ஒருவர் நீ.

"இடம் இல்ல தம்பி. அவ கோடு கீழ எங்கயும் போகலையே" என்றார். கல்யாணம் செய்துகொள்ளாமல் செத்துப்போனதை இத்தனை மென்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் முடியவில்லை. மூளையில் ரத்தம் கட்டி மூன்றே நாளில் நீ போனபோது உன் பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தவர் அவர். பேனரை இன்னும் இரண்டடி அகலமாக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். மண்டபத்துச் சுவர் அவ்வளவுதான் என்றார். அதோடு என் வீரம் முடிந்தது. அவர் போனதும் உன் கணினியில், இரண்டு வருஷமாக நான் தொடாத அந்த ஃபைலைத் திறந்தேன்.

பிறந்த பன்னிரண்டாம் நாள் ஒரு சீனக் குடும்பம் உன்னை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து உன் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனது என்பது ஊருக்கே தெரிந்த கதை. உனக்குத்தான் அது அடிக்கடி மறந்துபோகும். குளுவாங் காப்பிக்கடையில் சீனத்து ஆன்ட்டி உன் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பொரிந்து தள்ளுவார். நீ முழித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னண்ணே சொல்லுது இந்தம்மா?" என்பாய். சந்தையில் பேரம் பேசுமளவுக்கு மட்டும் ஹொக்கியன் சீனம் தெரிந்த நான் உனக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்கு அப்போது வருகிற பெருமைக்கு அளவே கிடையாது.

கடையை இருவரும் சேர்ந்து தொடங்கிய புதிதில் எனக்குப் புள்ளிக் கோடு போடத் தெரியாது. ஒரு சின்ன வட்டம் வரைவேன், அதை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டுவேன், மறுபடியும் நகல், மறுபடியும் ஒட்டல். விருந்துக் கூப்பன் ஒன்றின் கிழிக்கும் கோட்டுக்கு ஒரு மதியம் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்தேன். நீ பின்னால் வந்து பார்த்துவிட்டு, "பேன் பாக்கறீங்களாண்ணே?" என்றாய். பிறகு என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி ஒரு நேர்கோடு இழுத்தாய். கோட்டின் அமைப்பைத் திறந்து, நுனியை உருண்டையாக்கினாய். டேஷ் என்ற கட்டத்தில் பூஜ்யம், இடைவெளிக் கட்டத்தில் எட்டு. கோடு முழுக்க உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். "இது தனித்தனிப் புள்ளி இல்லண்ணே, ஒரே கோடுதான். நடுவுல காட்டாம விடுது, அவ்ளோதான்" என்றாய்.

அந்தக் குடும்ப மரத்தை நான் வரைந்து முடித்த நாள் உனக்கு நினைவிருக்கும். எல்லாருக்கும் நான்கு பாயிண்ட் தடிமனில் பச்சைக் கோடு, உனக்கும் அதேதான். சித்தப்பா பார்க்க வந்தார். யாரோ படித்தவர் சொன்னாராம், வளர்ப்புப் பிள்ளைக்குப் புள்ளிக் கோடுதான் போட வேண்டுமாம், உலகம் முழுக்க அதுதான் முறையாம். நீ அந்தப் பக்கம் ஒரு பேனருக்குக் கயிறு கட்டும் வளையம் அடித்துக்கொண்டிருந்தாய். கடையில் சத்தமே இல்லை. எனக்குச் சத்தமில்லாத இடம் ஆகாது, உனக்குத் தெரியும். "புள்ளிக் கோடுன்னா வெட்டி எடுக்கற கோடுலா, பக்கத்துல ஒரு கத்தரிக்கோல் படமும் வச்சிடவா?" என்றேன். சித்தப்பா சிரித்தார். நான் சிரித்தேன். எங்களைவிடச் சத்தமாக நீ சிரித்தாய்.

சிரித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளுங்கண்ணே, நானே போடறேன்" என்றாய். போட்டாய். சித்தப்பா திரையைப் பார்த்துத் திருப்தியாகக் கிளம்பினார். குடும்ப நாளன்று நானும் வந்து மூன்று முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் சொன்ன ஜோக் அங்கே தொங்குவது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமைதான் பார்த்தேன். உன் பெயருக்குப் போகும் கோட்டில் புள்ளியே இல்லை. மற்றவர்களைப் போல நேராக, முழுசாக இருந்தது. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். அப்போதுதான் தெரிந்தது, கோட்டின் ஓரம் மட்டும் லேசாக அலை அலையாக இருந்தது. அமைப்பைத் திறந்தேன். டேஷ் பூஜ்யம். இடைவெளி மூன்று. நான்கு பாயிண்ட் தடிமனுள்ள கோட்டுக்கு மூன்று பாயிண்ட் இடைவெளி கொடுத்தால் ஒரு புள்ளி மேல் இன்னொரு புள்ளி ஏறி உட்கார்ந்துவிடும். அவரிடம் எட்டைக் காட்டிவிட்டு, அவர் போனதும் மூன்றாக்கியிருக்கிறாய். அவர் சொன்னபடி புள்ளிக் கோடுதான். கண்ணுக்கு மட்டும் தெரியாது.

என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. கத்தரிக்கோல் படம் வைக்கவா என்று கேட்டவனிடம் எப்படிச் சொல்வாய்?

உன்னைப் போல நானும் ஒரு தில்லுமுல்லு செய்யலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உன் பெயரை எடுக்காமல் வெள்ளைத் துணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிவிடலாம். ஆனால் நீ செய்தது எல்லாரும் பார்ப்பதற்கு. நான் செய்வது யாரும் பார்க்காமல் இருப்பதற்கு. அதில் உனக்கு என்ன கிடைக்கும்? எனக்கு வேண்டுமானால் தூக்கம் வரும். சித்தப்பாவைக் கூப்பிட்டு முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன், அவர் எடுத்ததும் பேனர் சனிக்கிழமை ரெடி என்று சொல்லிவிட்டு வைத்தேன். உன் கோட்டையும் பெயரையும் சேர்த்துத் தொட்டு டிலீட்டை ஒருமுறைதான் அழுத்தினேன். அந்த இடத்தில் மூன்று குழந்தைகளும் தாராளமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

அதிலிருந்து கைதான் பேச்சைக் கேட்பதில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடக் கூப்பனுக்குக் கிழிக்கும் கோடு போட்டபோது இடைவெளிக் கட்டத்தில் தானாக மூன்று என்று தட்டியிருக்கிறது. எங்கே கிழிக்கிறது என்றே தெரியவில்லை என்று அந்த டீச்சர் திட்டிவிட்டுப் போனார். திருத்திக் கொடுத்தேன். அடுத்த வேலையிலும் மூன்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். யாராவது ஒரு அத்தை பேனருக்கு முன்னால் நின்று, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்து, "ஒருத்தர்கூட விட்டுப்போகல, நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி" என்பார். நான் தலையாட்டுவேன்.