தோட்டத்தில் தெரிந்தவர்

கொட்டகலை,
21.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நமக்காகக் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்து நமக்கே ஏன் வெட்கம் வருகிறது? ஒன்பது வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. போனில் பேசினால் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்று, தேயிலைக் கொழுந்துச் சாக்குத் தூக்கி, என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவைத்தவர் நீங்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் உங்களை யாரென்று கேட்டபோது, "தோட்டத்தில் தெரிந்தவர்" என்றேன். உங்கள் காதில் விழுந்தது. அன்று படியிறங்கிப் போனவர், திரும்ப வரவேயில்லை.

மதுரா பெரிய பிள்ளையாகிவிட்டாள். பெப்ரவரி 11, ஞாயிறு, சடங்கு. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவள்தான் கேட்கிறாள்: "எல்லாப் புள்ளைங்களுக்கும் மாமா வந்து தண்ணி ஊத்துறாங்க. என் மாமா எங்கம்மா?"

அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கை,
தவமணி

---

லிந்துலை,
02.02.2024

தங்கச்சி தவமணிக்கு,

நாங்க சொகம். ஒன் கடுதாசி தோட்டத்து ஆபீசுல எட்டு நாள் கெடந்துச்சு. காலையில பெரட்டுக்களத்துல, எல்லா ஆளும் வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிறப்ப, "வீரய்யா, யாரோ டீச்சரம்மா எழுதியிருக்காங்க"ன்னு கணக்கப்பிள்ளை கத்திக் குடுத்தாரு. மாயாண்டிப் பய, "இந்த வயசுல ஒனக்கு டீச்சர் கேக்குதா?"ன்னு சிரிச்சான். "என் தங்கச்சிடா"ன்னேன். நம்பல.

கோவிச்சுக்காத, கேக்குறேன். சடங்குக்கு மாமன் தேவைப்பட்டதும்தான் அண்ணன் ஞாபகம் வந்துச்சா? மாமன் இல்லாட்டி ஒன் புருஷன் வீட்டு ஆளுங்க பேசுவாங்கன்னுதானே? நீ படிச்சவ. எப்புடி எழுதணும்னு தெரியும். ஒன் அண்ணி காளியாயி ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லி அழுதா. எனக்கு அழுக வரல.

புள்ள மேல எனக்குக் கோவம் இல்ல. வருவேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல.

வீரய்யா

---

கொட்டகலை,
11.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்தீர்கள். பட்டும் மாலையும் ஏழு தட்டுச் சீரும் கொண்டுவந்தீர்கள். மதுராவின் தலையில் தண்ணீர் ஊற்றினீர்கள். சபையில் எல்லோருக்கும் கேட்க, "இவர் என் அண்ணன். என்னைப் படிக்கவைத்தவர்" என்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி சாப்பிட்டு வரும்வரை, கை நனைக்காமல் றோட்டில் போய் நின்றீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: ஆமாம், மாமன் தேவைப்பட்டுத்தான் எழுதினேன். அந்தத் தேவை வராவிட்டால் எழுதியிருப்பேனா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் சடங்கு முடிந்துவிட்டது. இன்று எனக்கு எந்தத் தேவையும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

12.02.2024

இதைத் தபாலில் போடாமல், லீவு போட்டு, நானே உங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொடுக்கத் தைரியம் வரவில்லை. வீடு திரும்பி, நடந்ததையும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணி எனக்குச் சோறு போட்டார். நீங்கள் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, எதிரே உட்கார்ந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணியிடம்தான் சொன்னீர்கள்:

"அவ கீரை திங்கமாட்டா. பருப்ப ஊத்து."

பல வருடமாக நான் கீரை சாப்பிடுகிறேன். அதைச் சொல்லவில்லை. பருப்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

தவமணி